பாடம் நடத்தவும் பாடம் படித்தவர்



இங்கிலாந்து பேங்க் 1991-ஆம் ஆண்டு ஒரு 20 பவுண்டு நோட்டு வெளியிட்டது. 2001 வரை அது புழக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. அந்த நோட்டில் ஃபாரடேக்குப் பக்கத்தில் என்ன படம் போட்டிருந்தார்கள் தெரியுமா? ஒரு வகுப்பறை. மேஜைக்குப் பின்னால் அவர் நின்று பாடம் நடத்துகிறார், சுற்றிலும் ஜனங்கள் படிப்படியாக உட்கார்ந்து கேட்கிறார்கள்.

நமக்கு ஃபாரடே என்றால் விதிதான். மின்காந்தத் தூண்டல் விதி, மின்னாற்பகுப்பு விதி, கெப்பாசிட்டர் பாடத்தில் ஃபாரட் என்ற அலகு. டெஃபனிஷன் எழுதி, டயகிராம் போட்டு, மார்க் வாங்கினால் அவரோடு நம்ம கணக்கு முடிந்தது. ஆனால் அந்த நோட்டில் இருந்த ஃபாரடே வேறு. ஒரு மாணவனுக்குப் பாடம் புரியவில்லை என்றால் அது மாணவனுடைய குறை மட்டும்தானா, சொல்லித் தருகிற விதத்திலும் குறை இருக்கலாமா என்று ஆயுள் முழுக்க யோசித்த ஃபாரடே. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்ம சாருங்களும் மேடங்களும் இந்த மலரைப் புரட்டுவார்கள், அவர்களும் படிக்கட்டும்.

1791 செப்டம்பர் 22-ஆம் தேதி, லண்டனை ஒட்டிய நியூயிங்டன் என்ற இடத்தில் ஃபாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்துவிடுவார். 1801-இல் தானிய விலை ஏறியபோது, பையனுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று கணக்குப் பண்ணிக் கொடுக்கும் நிலைமை. பள்ளிக்கூடத்தில் படித்தது எழுத, வாசிக்க, கொஞ்சம் கணக்குப் போட. அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் ஒரு கதை வரும். சின்ன மைக்கேலுக்கு ஆங்கில ஆர் எழுத்து நாக்கில் வராது. அண்ணன் பெயர் ராபர்ட். இவன் வாபர்ட் என்றுதான் கூப்பிடுவான். டீச்சரம்மா பல தடவை திருத்திப் பார்த்தார். வரவில்லை. கோபத்தில், ஒரு அரைப் பென்னிக் காசை அந்த அண்ணன் கையிலேயே கொடுத்து, தம்பியை அடிக்கப் பிரம்பு வாங்கி வரச் சொன்னார். ராபர்ட் வெளியே வந்து காசைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு நேராக அம்மாவிடம் ஓடினான். அம்மா வந்து இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார்.

நாக்கு திரும்பாதது அந்த டீச்சரம்மாவுக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது. பின்னாளில் லண்டனே டிக்கெட் வாங்கி வந்து கேட்கப்போகிற பேச்சாளர்தான் அன்றைக்கு அடிக்குப் பயந்து நின்ற பையன். அந்த அம்மாளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தெரியாத பிள்ளையை அடித்தால் தெரிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும்தான் நம்பினார்கள். அந்தக் காலத்தில் மட்டுமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது!

1804-இல், பதின்மூன்று வயதில், பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வேலை என்ன? நியூஸ் பேப்பரை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருவது. அடுத்த வருஷம் ரீபோ அவரைப் புத்தகம் பைண்டிங் செய்யும் அப்ரண்டிஸாக ஏழு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டார். வழக்கமாக அப்ரண்டிஸ் சேருகிறவன் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும். பையன் விசுவாசமாக உழைத்ததால் ரீபோ பணம் வாங்கவில்லை. வேலைக்கு வந்த புத்தகங்களைப் படிக்கவும் விட்டார். தைக்க வேண்டிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தால் எந்த முதலாளியும் நாலு வார்த்தை கேட்பார். ரீபோ கேட்கவில்லை. ஒரு வகுப்புகூட எடுக்காத இந்த மனுஷனைத்தான் ஃபாரடேயின் முதல் நல்ல ஆசிரியர் என்று நான் சொல்வேன்.

அந்தக் கடையில்தான் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கையில் கிடைத்தது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1806-இல் வெளியிட்ட வேதியியல் உரையாடல் புத்தகமும் கிடைத்தது. அந்தப் புத்தகத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆசிரியை, இரண்டு மாணவிகள். மாணவிகள் நடுவில் மறித்துச் சந்தேகம் கேட்பார்கள், ஆசிரியை கோபப்படாமல் பதில் சொல்லிப் பரிசோதனை செய்து காட்டுவார். புத்தகம் முழுக்க இப்படியேதான் போகும். படிக்கிறவன் மனசில் என்ன கேள்வி வருமோ அதை அந்த மாணவி முன்கூட்டியே கேட்டுவிடுவாள். வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இல்லாதவனுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஃபாரடே அந்தப் புத்தகத்தில் சொன்னதையெல்லாம் தன் கைக்காசுக்குக் கட்டுப்படியான சின்னச் சின்ன சோதனைகளாகச் செய்து பார்த்தார். சொன்னபடியே நடந்தது. புத்தகத்தின் மேல் நம்பிக்கை வந்தது. பெரிய ஆளான பிறகு தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு நன்றிக் காணிக்கை போல அனுப்பிவைத்தார்.

1810-இல் ஜான் டேட்டம் என்பவர் தம் வீட்டிலேயே அறிவியல் சொற்பொழிவு நடத்தினார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தது கொல்லர் வேலை பார்த்த அண்ணன் ராபர்ட். பிரம்புக் காசை வீசி எறிந்த அதே ராபர்ட்தான்! ரீபோ வீட்டில் குடியிருந்த மாஸ்கரியே என்ற ஓவியரிடம் ஃபாரடே வரையவும் கற்றுக்கொண்டார். கருவிகளின் படத்தைச் சரியான கோணத்தில் போட அது உதவியது. ஃபீஸ் என்ன? அவருடைய அறையைக் கூட்டுவது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. டிராயிங் ஹாலில் டி-ஸ்கொயரோடு மல்லுக்கட்டும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

1812-இல் கடைக்கு வந்த டான்ஸ் என்ற வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றும் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அன்றைய லண்டனின் நட்சத்திரப் பேச்சாளர். ஃபாரடே மாடத்தில், கடிகாரத்துக்கு மேலே இருந்த இடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அதையெல்லாம் அழகாகத் திரும்ப எழுதி, படம் போட்டு, தானே பைண்ட் பண்ணி, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். அதற்கு முன்பு ராயல் சொசைட்டி தலைவருக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பதில் கிடையாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். டேவி பதில் போட்டார், கூப்பிட்டுப் பேசினார். ஆனால் பைண்டிங் தொழிலையே விடாமல் பார் என்றுதான் முதலில் புத்தி சொன்னார். பிறகு லேப் உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலை இழக்க, 1813 மார்ச் 1-ஆம் தேதி ஃபாரடேக்கு அந்த இடம் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் தங்க இரண்டு அறை. வயது 21.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பாட்டில் கழுவுவது, மற்றவர்கள் பேசும்போது கருவிகளை எடுத்து வைப்பது, இதுதான் பிழைப்பு. 1813 ஜூன் மாதம், நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு அவர் வரிசையாகக் கடிதங்கள் எழுதினார். பொருள், ஒரு சொற்பொழிவு எப்படி இருக்க வேண்டும் என்பது. தனக்குப் பேச அருகதை இல்லை என்று தெரிந்தும், மேஜை ஓரத்தில் நின்று பல பேச்சாளர்களைப் பார்த்ததில் தோன்றியதை எழுதினார்.

என்னென்ன எழுதினார் என்று பார்த்தால் ஆச்சரியம். முதலில் அறையைப் பற்றிப் பேசுகிறார். காற்றோட்டம் வேண்டும், மூச்சு முட்டும் அறையில் எந்த மனசும் வேலை செய்யாது. கருவி மேஜையில் இருந்தால் கடைசியில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டும். பேச்சு அவசரப்படக் கூடாது, நிதானமாக, தெளிவாக வர வேண்டும். கூடுமானவரை முகம் கேட்கிறவர்கள் பக்கம் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் கவனம் வைக்க முடியாது, அதோடு நிறுத்திவிட வேண்டும். கைதட்டலுக்குத் தூண்டில் போடுகிற பேச்சாளரை அவருக்கு அறவே பிடிக்காது. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசுகிறவரையும் பிடிக்காது. இவ்வளவும் எழுதியது ஒரு லேப் அட்டெண்டர்! நாமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எந்த சார் எப்படி நடத்துகிறார் என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். ஃபாரடே அந்தப் பேச்சைக் கேலியாக விடாமல் கவனிப்பாக மாற்றி, நாளைக்குத் தான் அந்த மேஜைக்குப் பின்னால் நிற்கும்போது உதவட்டும் என்று எழுதி வைத்தார்.

1816 ஜனவரியில், டேட்டம் வீட்டில் கூடிய சிட்டி ஃபிலசாஃபிகல் சொசைட்டியில் முதல் சொற்பொழிவு ஆற்றினார். நன்றாகப் பேசுவது பிறவிக் குணம், வந்தால் வரும், வராவிட்டால் போகும் என்று அவர் விட்டுவிடவில்லை. 1818-இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவர் நடத்திய பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனார். அதற்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு! நாலைந்து நண்பர்களோடு மாலையில் கூடி, ஒருவர் படிக்க மற்றவர்கள் உச்சரிப்பையும் வாக்கியத்தையும் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருத்துவது என்று வைத்துக்கொண்டார். அதில் ஒருவரான எட்வர்ட் மக்ராத், பின்னர் ஃபாரடே மேடையேறிய காலத்திலும் கூட்டத்தில் உட்கார்ந்து குறைகளைக் குறித்துக்கொடுத்தார். ஃபாரடே வேகமாகப் பேச ஆரம்பித்தால், மெதுவாக என்று எழுதிய அட்டையை உதவியாளர் ஆண்டர்சன் அவர் முன்னால் வைப்பார். மணி ஆகப் போகிறது என்றால் நேரம் என்று எழுதிய அட்டை. இந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னவர் ஃபாரடேதான்.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். சார், கொஞ்சம் மெதுவா என்று எழுந்து சொல்ல நமக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து வந்து, முதல் வாரம் முழுக்க போர்டில் ஆங்கிலம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். புரியலை என்று சொல்ல வாய் வராமலே அரியர் வைத்து, பிறகு வராமலே நின்றுபோனவர்களும் உண்டு. அந்த அட்டையை ஆசிரியரே செய்து, இதை என் முன்னால் வை என்று கொடுத்தால் எப்படி இருக்கும்! நடுவில் நிறுத்தி, எங்கே விட்டுப்போச்சு என்று கேட்கும் ஆசிரியர்கள் நமக்கும் கிடைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் வகுப்பில் கடைசி பெஞ்சும் விழித்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆராய்ச்சி வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1821-இல் மின்சாரத்தால் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். அதே வருஷம் சாரா பர்னார்டைத் திருமணம் செய்துகொண்டார். 1825-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வகத்தின் இயக்குநர். 1831 ஆகஸ்ட் 29-ஆம் தேதி இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றித் தூண்டு மின்னோட்டத்தைக் கண்டார், நம்ம டிரான்ஸ்ஃபார்மரின் தாத்தா அது. மின்னாற்பகுப்பு விதிகள் 1833, 1834-இல் வந்தன. அப்போதும் ஒரு வேலை செய்தார். பழைய சொற்கள் தப்பான கருத்தைக் கொடுக்கின்றன என்று தோன்றவே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்லிடம் எழுதிக் கேட்டுப் புதுச் சொற்கள் வாங்கினார். ஆனோடு, கேத்தோடு, அயான் எல்லாம் அப்படி வந்தவைதான். சொல் சரியில்லை என்றால் பாடமும் சரியாக ஏறாது என்பது அவர் எண்ணம்.

நடுவில், 1827-இல், அவர் எழுதிய ஒரு புத்தகத்தை நம் மாதிரி ஆட்கள் மறக்கக் கூடாது. வேதியியல் செய்முறை பற்றிய புத்தகம். தராசில் எப்படி எடை போடுவது, எப்படி வடிகட்டுவது, அடுப்பு எப்படி மூட்டுவது, கண்ணாடிக் குழாயை எப்படி வளைப்பது, இதெல்லாம்தான் உள்ளே. பெரிய விஞ்ஞானிகள் இதை எழுத மாட்டார்கள், பழகினால் தானே வரும் என்று விட்டுவிடுவார்கள். கையால் செய்யத் தெரியாதவன் அங்கேயே தடுமாறி நின்றுவிடுவான் என்பது கடைப்பையனாக இருந்தவருக்குத் தெரியும்.

ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகள் 1826 வாக்கில் நிலைபெற்றன. அதில் நூறுக்கும் மேல் அவர் பேசினார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவு 1825-இல் ஆரம்பமானது. ஃபாரடே 1827 முதல் 1860 வரை 19 ஆண்டுகளில் அதை நடத்தினார். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, அது எரிவதிலிருந்தே வேதியியலையும் நாம் மூச்சு விடுவதையும் விளக்கிய வரிசை 1861-இல் புத்தகமாகி உலகம் முழுக்கப் போனது. 1830 முதல் 1851 வரை வூல்விச் ராணுவ அகாடமியில், பீரங்கிப் படைக்கும் இன்ஜினியர் படைக்கும் போகிற மாணவர்களுக்கு வேதியியல் நடத்தினார். புதிதாக வந்த ஒரு பேச்சாளருக்கு அவர் சொன்ன யோசனை ஒன்று உண்டு. கையை விரித்தால் கல் கீழே விழும் என்று சொல்ல வேண்டியிருந்தால்கூட, வாயால் சொல்லி விட்டுவிடாமல் கையை விரித்துக் கல்லை விழவிட்டுக் காட்டுவாராம். இது கூடவா தெரியாது என்று கேட்கிறவரைப் பற்றி நினைக்கவே கூடாது, காதுக்குச் சொல்வதைக் கண்ணுக்கும் காட்ட வேண்டும் என்பது அவர் வழி.

கணக்கு அவருக்கு வராது, இதை அவரே மறைத்ததில்லை. அவர் மனசில் படமாகக் கண்ட விசைக் கோடுகளை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணிதத்தில் எழுதிக் காட்டினார். 1857 நவம்பரில் மேக்ஸ்வெல்லுக்கு ஃபாரடே ஒரு கடிதம் எழுதினார். கணித அறிஞர்கள் தங்கள் முடிவைக் கண்ட பிறகு, அதையே சாதாரண மொழியிலும் முழுசாக எழுதக் கூடாதா, அப்படி எழுதினால் எங்களைப் போன்றவர்களும் அதை வைத்துச் சோதனை செய்வோமே என்று கேட்டார். நீங்கள் விளக்கினால் எனக்குத் தெளிவாகப் புரிகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போது ஃபாரடேக்கு 66 வயது, உலகப் புகழ். மேக்ஸ்வெல்லுக்கு 26. எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்று கேட்பதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் தெரியவில்லை. நம்மில் மேத்ஸ் பேப்பரைப் பார்த்துக் கை நடுங்குகிறவர்கள் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ளலாம்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பாடம் சொன்ன ஃபாரடே, பக்கத்தில் வைத்து ஒரு சீடனை ஆராய்ச்சியாளனாக வளர்க்கவில்லை. ஆய்வகத்தில் பெரும்பாலும் அவரும் ஆண்டர்சனும்தான். டேவி தனக்குச் செய்ததை அவர் இன்னொரு பைண்டிங் பையனுக்குச் செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. அதே டேவி 1824-இல் ஃபாரடே ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆவதை எதிர்த்தார் என்பது வேறு கதை. குருவும் மனுஷன்தானே.

1839-க்குப் பிறகு அவருக்கு மறதி நோய் போல வந்தது. ஓய்வெடுத்துத் திரும்பி வந்தாலும் வரவர மோசமானது. 1861-இல் சிறுவர் சொற்பொழிவை விட்டார். 1862 ஜூன் 20-ஆம் தேதி கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு. தான் ஏன் விலகுகிறேன் என்பதை அதற்கான குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தார். ஞாபகம் போகிறது, அதனால் பேச்சில் தயக்கம் வருகிறது, மனசில் சேர்த்து வைத்ததை வேண்டும்போது எடுக்க முடியவில்லை, மற்றவர்களுக்கு நியாயம் செய்ய வேண்டிய கடமை தெரிந்தும் செய்ய முடியவில்லை, ஆகவே ஓய்வு. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கேட்க வந்தவர்களுக்குக் குறை வைக்கிறோம் என்று அவருக்கே பட்டது.

ஆனால் அதே வருஷம் நவம்பரில், பள்ளிக்கூடங்களை விசாரித்த அரசாங்கக் கமிஷன் முன்னால் போய் உட்கார்ந்தார். நாட்டின் பெரிய பள்ளிகளில் பழைய மொழிகளைத்தான் சொல்லித் தருகிறார்கள், அறிவியலைத் தொடுவதே இல்லை, அது சரியல்ல என்று சாட்சி சொன்னார். மனசுக்குப் பயிற்சி தர அறிவியலும் உதவும் என்று வாதாடினார். பெரிய படிப்பு படித்தவர்களே தன்னிடம் வந்து கேட்கும் கேள்விகள் எவ்வளவு விவரமில்லாமல் இருக்கின்றன என்றும் எடுத்துச் சொன்னார். பிரம்புக்குப் பயந்து பள்ளியை விட்ட பையன், 71 வயதில், அந்த நாட்டின் பள்ளிகளுக்கே பாடம் சொன்னார்.

சர் பட்டம் வேண்டாம் என்றவர், ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாம் என்றவர். ராணி 1858-இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் கொடுத்த வீட்டில் மட்டும் தங்கினார். 1867 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் ஆடம்பரம் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயரும் பிறந்த, இறந்த தேதியும் மட்டும். அவர் நின்று பேசிய அந்த அரங்கில் கிறிஸ்துமஸ் சொற்பொழிவு இன்றும் நடக்கிறது. முன் வரிசைகளில் பிள்ளைகள்தான் உட்காருகிறார்கள்.